மேடம் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்கவில்லை

வாகையேந்தலுக்கு வருகிறவர்கள் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டால் போதும், எங்கே இறங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, கண்டக்டரே மூக்கால் பாடுவார்: "கருப்பர் கோயில் எறங்கு, ரோடு முடிஞ்சிருச்சு, மிச்ச ஊருக்கு நட, நட, நட." இறங்கிப் பார்த்தால், அதுவரை பளபளவென்று ஓடி வந்த தார்ரோடு கருப்பர் பீடத்துக்கு முன்னால் வில்லை போட்ட அல்வா மாதிரி நேர்கோட்டில் வெட்டுப்பட்டு நிற்கும், அதற்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்க் களிமண் தொடங்கும். ஊருக்குள் வந்தால் ரோஸ் பெயின்ட் அடித்த கட்டடம் ஒன்று பெயர்ப்பலகை இல்லாமல் நிற்கும், பலகை இருந்த இடத்து ஆணித் துளைகளில் குளவி மண் அப்பியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒன்றைக் கேட்பார்கள்: "மிச்ச ரோட்டைக் காண்ட்ராக்டர் தின்னுட்டாரா?"

அவர் பாவம், ஒரு டீ குடித்தார், அவ்வளவுதான். மிச்ச ரோட்டைத் தின்றது நாங்கள்.

இதை வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு, ஆகையால் உடனே சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னை மைக்செட்டு என்று கூப்பிடுவார்கள், பள்ளிக்கூடத்துப் பிளஸ் ஒன் வருகைப் பதிவில் மட்டும் எனக்கு வேறு பெயர் உண்டு. தலைமையாசிரியர் குரலில் லீவு அறிவித்துப் பள்ளிக்கூடத்தையே கலைத்தவள் நான். அதனால் யார் என்ன சொன்னார்களோ அதை அவரவர் குரலிலேயே சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், முதலில் நாங்களும் சிரித்தோம்.

அப்போது எங்களுக்கு ரோடே கிடையாது. மழை பெய்தால் எங்கள் களிமண் காலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும், செருப்பைத் திருப்பித் தராது. டீக்கடை சோணைமுத்து மாமாவின் மருமகளுக்கு வலி வந்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனவர்கள் பாதி வழியில் தொடை வரைக்கும் புதைந்து நிற்க, அங்கேயே பிள்ளை பிறந்து, அதற்குச் சேத்துராசு என்று பெயர் வைத்தோம். பிள்ளை பிழைத்தது, தாய் பிழைத்தது, ஆனால் அன்றிலிருந்து அந்த மருமகள் வானம் இருட்டினாலே நடுங்குவாள். முன்னொரு தடவை ஊரைப் பார்வையிட வந்த அதிகாரி சோணைமுத்து மாமா கடைக் கூரையிலிருந்த டிஷ் ஆன்டெனாவைப் பார்த்து, "வசதியா இருக்கீங்களே" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார், எங்களுக்கு வர வேண்டிய ரோடு ஆன்டெனா இல்லாத ஊருக்குப் போய்விட்டது. குற்றவாளியாகப் பிடிபட்ட ஆன்டெனாவை மாமா அன்றைக்கே கழற்றி அதில் வற்றல் காயப் போட்டார்.

ஆகவே மறுபடியும் ஆள் வரப்போகிறது, ரொம்பவும் பின்தங்கிய ஊராகப் பார்த்து ரோடும் துணை சுகாதார நிலையமும் தரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர்த் தலைவர் சாத்தையா பெரியப்பா கூட்டம் போட்டார். அவர் குரல் கட்டைக் குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு செருமல் இருக்கும். "ம்ஹ்ம். இந்தா பாருங்கப்பு, இருக்கறவனுக்கு இந்த ஒலகத்துல ஒண்ணும் கெடைக்காது. இல்லாதவனுக்குத்தான் குடுக்குறாக. நமக்குக் கொஞ்சம் இருக்கு, அதுதான் நம்ம சிக்கல். அந்தக் கொஞ்சத்த ஒரு பொழுதுக்கு ஒளிச்சு வைங்க."

ஒளித்தோம். டீவிப் பெட்டிகளை வைக்கோல் படப்புக்குள் செருகினோம். வண்டிகளைக் கரிமூட்டத்துக்கு அடுக்கி வைத்திருந்த கருவேல விறகுக்குள் நிறுத்தி மூடினோம், கேஸ் அடுப்புகளைக் குதிருக்குள் இறக்கினோம், கருப்பர் கோயிலை ஒட்டி இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணற்றின் மேல் பனை ஓலையைப் பரப்பி அதன் ஓரத்தில் ஆட்டைக் கட்டினோம். ஆளுக்கொரு கிழிந்த துணி தேவைப்பட்டு, கிழியாததைக் கிழித்தோம். கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது, அதை எங்கே ஒளிப்பது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அது நாகஜோதி அக்கா.

நாகஜோதி அக்கா சாத்தையா பெரியப்பாவின் ஒரே மகள். எங்கள் ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண், நர்சிங் முடித்து டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், அப்போது லீவில் வந்திருந்தாள். அவளைப் படிக்க வைப்பதற்குப் பெரியப்பா ஆட்டுக்கிடையையே விற்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் எவனாக இருந்தாலும், அவன் ஊர் எது, பேர் எது என்று கேட்பதற்கு முன்னாலேயே, "ம்ஹ்ம். எம்மக ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாரிகூட இருக்காது" என்று ஆரம்பித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குக் காலையில் மகள் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ள இருத்தா, கதவச் சாத்திக்கிரு" என்றார். அக்கா சிரித்தாள். "படப்புக்குள்ள வேணா படுத்துக்கவாப்பா, டீவியோட டீவியா?" என்று கேட்டாள். பெரியம்மா பஞ்சவர்ணம் மட்டும் சிரிக்கவில்லை.

கணக்கெடுக்க ஜீப்பில் வந்த பிரிசில்லா மேடம் மெதுவாகப் பேசுகிறவர், இருமலுக்குக்கூட மன்னிப்புக் கேட்கிறவர்.

"கிணறு இருக்குங்களா?"

"இல்ல மேடம்" என்றார் பெரியப்பா.

"அப்போ குடிதண்ணிக்கு?"

"வானத்தப் பாத்துக்கிருவோம் மேடம்."

"டூவீலர்?"

"காலுதான் மேடம் எங்களுக்கு டூவீலரு."

"டி.வி.?"

"டீவின்னா என்ன மேடம்?" என்று சோணைமுத்து மாமா கண்ணை அகல விரித்துக் கேட்க, பெரியப்பா பின்னால் கையை விட்டு அவரைக் கிள்ளினார். கூட்டம் முழுக்கச் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு நின்றது. கேஸ் அடுப்பு இல்லை, மிக்சி இல்லை, ஃபேன் இல்லை, இல்லை இல்லை என்று ஒவ்வொரு இல்லைக்கும் எங்களுக்கு ஒரு முழம் தார்ரோடு முளைப்பது போலவே இருந்தது.

அப்புறம் மேடம் கேட்டார்: "பெண் பிள்ளைங்க எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?"

சிரிப்பு நின்றது. பெரியப்பா செருமினார், செருமிக்கொண்டே இருந்தார். மேடத்தின் பார்வை அதற்குள் அவர் வீட்டுக் கொடிக்குப் போய்விட்டது. சாத்திய கதவுக்கு முன்னால், துவைத்துப் போட்ட வெள்ளைக் கோட்டு ஒன்று காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அது யாரோடது?"

"அது... கேரளாவுல ஓட்டல்ல வேல பாக்குற ஒரு பயலோடது மேடம். எங்க ஊர்ல படிச்ச பொம்பளப்புள்ளயே கெடையாது. அப்படி ஒருத்தி இல்ல."

மேடம் சந்தேகப்பட்டதாகக் காட்டிக்கொள்ளக்கூட இல்லை. சும்மா புருவம் ஒரு நூல் ஏறியது. அதுதான் வினை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். எங்கள் ஊரில் சொன்ன சொல்லை எதிராளி நம்பவில்லை என்று தோன்றினால் கை தானாக மடியிலிருக்கும் சூடத்துக்குப் போய்விடும். காசுத் தகராறோ கோழித் தகராறோ, கருப்பருக்கு முன்னால் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் அப்பீல் கிடையாது. "நம்பலையா மேடம்? வாங்க" என்று பெரியப்பா அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கருப்பர் பீடத்துக்கு விறுவிறுவென்று நடந்து, சூடத்தை ஏற்றி, "நான் இந்த மேடத்துக்கிட்டச் சொன்ன அம்புட்டும் சத்தியம்" என்று ஓங்கி அடித்தார். சூடம் அணைந்தது. ஜீப் போயிற்று. புழுதி அடங்கும்வரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம், அடங்கியதும் கைதட்டினோம்.

கைதட்டிவிட்டுக் கிணற்றுக்குப் போனால், ஓலை இருந்த இடத்தில் புல் இருந்தது. புல்லை ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. காலால் தட்டிப் பார்த்தோம், கெட்டித் தரை.

"சொன்னோம்ல, இல்லைன்னு" என்றார் சோணைமுத்து மாமா.

படப்பைப் பிரித்தால் வைக்கோல் இருந்தது, விறகைப் பிரித்தால் விறகு இருந்தது, குதிருக்குள் நெல் வாசனை இருந்தது. ஆனால் வண்டிகளோடு சேர்த்து ஒளித்த ஹெல்மெட்டுகள் அப்படியே இருந்தன. மேடம் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. டீவி போய் ரிமோட்டு தங்கிவிட்டது, அடுப்பு போய் லைட்டர் தங்கிவிட்டது. இதைச் சாமி குத்தம் என்று யாரும் சொல்லவில்லை, குறி கேட்கவும் போகவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் விஷயம் புரிந்துபோயிற்று. கருப்பருக்குக் கோபமெல்லாம் இல்லை. அவர் முன்னால் அடித்த சத்தியம் பொய்யாகக் கூடாது, அவ்வளவுதான். பொய்யாக இருந்ததை மெய்யாக்கிக் கொடுத்து ஊரின் சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

அப்போதுதான் பெரியம்மாவின் அலறல் கேட்டது. வீட்டுக் கதவு சாத்தியபடியே இருந்தது, உள்ளே யாரும் இல்லை. தேடிக்கொண்டு ஓடினால், கருப்பர் கோயிலுக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே, பாதி சீவிய தலையும் கையில் சீப்புமாக நாகஜோதி அக்கா நின்றுகொண்டிருந்தாள், தோளில் அந்த வெள்ளைக் கோட்டு கிடந்தது.

"யாத்தே, நான் வீட்டுக்குள்ளல்ல சீவிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அவள் ஊரைப் பார்த்து நடந்தாள். எங்களை நோக்கித்தான் வந்தாள், முகம் தெரிந்தது, மூச்சுகூடக் கேட்டது, கருப்பரைத் தாண்டுகிற அடியில் முதுகு தெரிந்தது, ஊரைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். பெரியம்மா ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார், உள்ளே வந்து பார்த்தால் பெரியம்மாவின் கையில் சீப்பு மட்டும் இருந்தது. சேத்துராசின் தாயைத் தூக்கிப்போன அதே கட்டிலைக் கொண்டுவந்து அக்காவைப் படுக்க வைத்துத் தூக்கினோம், எல்லையைத் தாண்டியதும் கட்டில் லேசாகிவிட்டது, தலையணை மட்டும் சூடாக இருந்தது. என்னை மாதிரிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்களைக் கருப்பர் விட்டுவிட்டார், நாங்கள் படிக்கிற பிள்ளைகள்தான். எங்கள் ஊரில் படிச்ச பொம்பளப்புள்ள இல்லை. அப்படி ஒருத்தி இல்லை.

அக்கா சீப்பைத் திருப்பி வாங்கி மிச்சத் தலையையும் சீவி முடித்தாள். "எனக்குக் கேட்டுச்சுடி" என்றாள் என்னிடம். "கதவுக்குப் பின்னாடிதான நின்னேன். கெணறு இல்லன்னு சொன்னப்ப அப்பா இவ்வளவு சத்தமாச் சொல்லல."

நான் பெரியப்பாவின் செருமலைச் செய்து காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

திருப்பிக்கொள்ள வழி இருந்தது, அது ஊர் முழுக்கத் தெரிந்த வழி. பொய்ச் சத்தியம் அடித்தவன், யாரிடம் அடித்தானோ அவர் கண் முன்னால், அதே பீடத்தில், வெறும் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றிக்கொண்டு, அது எரிந்து அணைவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முன்பு ஓர் ஆட்டுக்குட்டி விஷயத்தில் சோணைமுத்து மாமா அப்படிச் செய்திருக்கிறார், அவர் டீ ஆற்றும்போது கிளாஸ் வழியாக உள்ளங்கைத் தழும்பு தெரியும். ஆனால் மேடத்திடம் உண்மையைச் சொன்னால் ரோடு போய்விடும். டீக்கடையில் இதைப் பற்றி ஊரே பேசியது.

"சொல்லிப்புடுவோம்ப்பா, பாவம் பொம்பளப்புள்ள."

"சொல்லிட்டு? அடுத்த மழைக்கு உன் மருமகளத் தூக்க ஆளு ரெடி பண்ணு."

"ரோடு வரட்டும், வந்தப்பறம் சொல்லுவோம்."

"ஆமா, போட்ட ரோட்டச் சுருட்டிக்கிட்டா போவாக?"

"புள்ளைக்கு என்ன கொறச்சல், டவுன்ல நல்லாத்தான இருக்கு?"

கடைசியாக இதைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்தக் குரலைச் செய்ய மாட்டேன், ஏனென்றால் அது எல்லோருடைய குரலாகவும் இருந்தது, என் அம்மாவின் குரல்கூடக் கொஞ்சம் கலந்திருந்தது. பெரியப்பா கடை மூலையில் உட்கார்ந்து டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் நாங்கள் பழகிக்கொண்டோம். அதுதான் இந்தக் கதையிலேயே அசிங்கமான இடம், கருப்பர் செய்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தண்ணீருக்கு லாரியைக் கெஞ்சப் பழகினோம். கோழிகள் ஹெல்மெட்டில் முட்டையிடப் பழகின. சாயங்காலமானால் சோணைமுத்து மாமா இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்து வெறும் சுவரைப் பார்த்து அமுக்குவார், நான் சுவருக்கு முன்னால் நின்று சீரியல் மாமியாராகவும் மருமகளாகவும், நடுநடுவே விளம்பரத்தில் வருகிற சோப்பாகவும் பேசுவேன், பெண்கள் "சவுண்டக் கூட்டு மாமா" என்பார்கள், அவர் அமுக்குவார், நான் கத்துவேன். அக்காவுக்காக எல்லைக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டோம், வெயிலாக இருக்கிறதே என்று கீற்றுக் கொட்டகை போட்டோம், அவ்வளவு அன்பானவர்கள் நாங்கள். அவள் டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து அங்கே உட்காருவாள், பெரியம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவார். ஊரில் பிரஷர், சுகர் இருக்கிறவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்ட, அந்தப் பக்கத்திலிருந்து அவள் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பாள். "வாத்தா, வந்துட்டுப் போறியா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்துவிடுவோம்.

பெரியப்பா மட்டும் அந்த வழியாக வரவே இல்லை. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் கருவேலங்காட்டுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போனார். செருப்பைத் துளைத்து முள் ஏறி அவர் காலெல்லாம் சீழ் பிடித்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். "ஒங்களுக்குப் பிள்ளைக எத்தன?" என்று யாரோ கேட்டதற்குப் பாதியிலேயே இறங்கிவிட்டார் என்று கண்டக்டர் சொன்னார்.

இதற்கிடையில் ரோடு வந்தது. நிஜமாகவே வந்தது, மெயின் ரோட்டிலிருந்து கறுப்பாக, ஆவி பறக்க, எங்களைத் தேடிக்கொண்டு வந்தது. ஊருக்குள் ரோஸ் கட்டடம் எழும்பியது, துணை சுகாதார நிலையம் என்று பலகை மாட்டினார்கள். பூட்டின வாசலில் நின்று பெண்கள் உள்ளே வெள்ளைத் துணி போட்ட மேசையை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், சேத்துராசின் தாய் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். அதற்கு ஒரு நர்ஸைப் போட்டு ஆர்டரும் வந்தது. என்றைக்கோ, இதெல்லாம் நடப்பதற்கு முன்னால், சொந்த ஊர்ப் பக்கம் எங்கே இடம் இருந்தாலும் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்த பெண்ணுக்கு அது வந்தது. கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா அந்த ஆர்டரைப் படித்தாள், படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"படிச்ச புள்ள இல்லன்னு சொல்லி வாங்குன ஆஸ்பத்திரிக்கு என்னையவே போட்டிருக்காகடி!"

சிரித்து முடித்த பிறகு, "முதல் தேதிக்குள்ள போய்ச் சேரணும். சேரலேன்னா ஆர்டர் போயிரும், வேலை உறுதின்னு சேதி வந்தப்பவே டவுன் வேலைய விட்டுட்டேன்" என்றாள். அந்தக் குரலில் சிரிப்பே இல்லை.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். சூடத்தைத் தட்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, கருப்பர் முன்னால் குந்தி, பெரியப்பாவின் கட்டைக் குரலை எடுத்தேன். "ம்ஹ்ம். நான் அன்னைக்கிச் சொன்னது பொய்யி. எம்மக இருக்கா." செருமல்கூடப் பிசகாமல் வந்தது. ஆட்டுக்குத் தழை வைக்கப் போய்க்கொண்டிருந்த பெரியம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவு அசல். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஊரைப் பார்த்து ஓட்டமாக வந்து, கருப்பரைத் தாண்டி, ஊரைவிட்டு வெளியே போனாள். கருப்பருக்குக் காது கூர்மை.

பெரியம்மா என்னிடம் வந்து தட்டை வாங்கிச் சூடத்தை ஊதி அணைத்தார். "அந்த மனுசன் கொரலு ஒனக்கு வருது. அவருக்குத்தான் வரல" என்று சொல்லிவிட்டு, எரியாத மிச்சச் சூடத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

திறப்பு விழா அன்று தார் கருப்பர் கோயில் வரைக்கும் வந்து நின்றது, விழா முடிந்ததும் ஊருக்குள் இழுத்துவிடுவதாக ரோலர்க்காரர் சொன்னார். வாழைமரம் கட்டினோம், மைக் கட்டினோம். மேடமும் கூட வந்த அதிகாரிகளும் காரைவிட்டு இறங்கி வரிசையாக எல்லையைத் தாண்டி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு அக்கா நின்றாள், வரவில்லை.

"வாங்க சிஸ்டர், ஏன் அங்கேயே நின்னுட்டீங்க? உங்களுக்குத்தானே விழாவே" என்று மேடம் திரும்பிப் போய் அக்காவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். உள்ளே வந்ததும் தன் வெறும் கையைப் பார்த்தார். திரும்பினார். அக்கா தார்மேல் ஊருக்கு முதுகைக் காட்டி நின்றாள். மறுபடியும் போனார், மறுபடியும் வெறும் கையோடு வந்தார்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

அக்கா எங்களைப் பார்த்தாள். "அவுகளக் கேளுங்க மேடம்."

மேடம் எங்களைக் கேட்டார். "இவங்க யாரு?"

சோணைமுத்து மாமா ரிமோட்டைத் தடவினார். என் அம்மா வாழைமரத்தின் சருகை உரித்துக்கொண்டே இருந்தாள். நான் எவ்வளவோ குரல் தெரிந்தவள், எனக்கு என் குரலே வரவில்லை. மேடையோரத்தில் வேட்டி சட்டையோடு நின்ற பெரியப்பா, முள் குத்திய தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"இந்தாங்க சூடம். கைய நீட்டுங்க. கை இருக்குல்ல? இல்ல, அதையும் இல்லன்னு சொல்லிட்டீகளா?"

பெரியப்பா கருப்பர் முன்னால் வந்து கையை நீட்டினார். பெரியம்மா சூடத்தை வைத்து ஏற்றினார். வெறும் தோலில் எரிகிற சூடத்துக்கு ஒரு நாற்றம் உண்டு, அதை என்னால் செய்து காட்ட முடியாது.

"மேடம்" என்றார் பெரியப்பா, செருமாமல். "அன்னைக்கி ஒங்ககிட்டப் பொய் சொன்னேன். எங்க ஊர்ல கெணறு இருக்கு."

ஆடு மிரண்டு கத்தியது. புல்லிருந்த இடத்தில் பனை ஓலை சரசரத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டி இருக்கு. எட்டுப் பத்து வீட்ல டீவி இருக்கு." படப்புக்குள்ளிருந்து, கரண்டே இல்லாமல், சீரியல் அழுகை கேட்டது. "கேஸ் அடுப்பு இருக்கு. மிக்சி இருக்கு. ஃபேன் இருக்கு." குதிர்கள் கணகணத்தன. சூடம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அவர் கிரைண்டர் என்றார். அன்றைக்கு யாரும் கேட்டே இராத அயர்ன் பாக்ஸ் என்றார். டார்ச் லைட் என்றார். மேலே மேலே போய்க்கொண்டிருந்தாரே தவிர, அந்த இடத்துக்கு வரவில்லை.

"புள்ளையச் சொல்லுய்யா!" என்று சோணைமுத்து மாமா தழும்புக் கையால் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "அணையப் போகுதுய்யா!"

தார்ரோட்டில் அக்கா திரும்பி நின்றாள். அதுதான் அவருக்கு முடியாமல் இருந்தது என்று நினைக்கிறேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்வது. தீ குன்றிமணி அளவுக்கு வந்தது.

"அந்தக் கோட்டு எம்மகளோடது" என்றார். "நாகஜோதி. நர்சுக்குப் படிச்சிருக்கா. இந்த ஊரு. அன்னைக்கிக் கதவுக்குப் பின்னாடிதான் இருந்தா, நாந்தான் சாத்திக்கச் சொன்னேன். சாத்திக்கச் சொல்லிட்டு, இல்லன்னேன்."

சூடம் அணைந்தது. அந்தக் குரல் எனக்கு வராது. செய்து பார்த்ததும் இல்லை.

அக்கா நடந்துதான் வந்தாள், ஓடவில்லை. தார் முடிகிற இடத்தில் காலை எடுத்துக் களிமண்ணில் வைத்தாள், வைத்த கால் வைத்த இடத்திலேயே இருந்தது. அடுத்த காலையும் வைத்தாள். ஊர் முழுக்க வழிவிட்டு ஒதுங்கியது, ஒருத்தராவது "வா" என்று சொல்லியிருக்கலாம். அவள் எங்களைப் பார்க்கவும் இல்லை. நேராகப் போய்ப் பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள், ஓலையைக் காலால் தள்ளினாள், வாளியை இறக்கினாள். உருளை கிரீச்சிட்டது. லாரித் தண்ணீர் குடித்துக் குடித்து மறந்தே போயிருந்தோம், எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு.

எங்களுக்குப் பின்னால் மேடம் கூட வந்த அதிகாரியிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "நான் கேட்டுட்டேன் சார். கேட்காத மாதிரி எழுத எனக்கு வராது." சொல்லும்போது அவரும் தரையைத்தான் பார்த்தார், கொடியில் காய்ந்த கோட்டை அன்றைக்கே பார்த்தவர் அவர். ரோலர் உறுமியது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, அது வந்த பக்கமாகத் திரும்பியது. சேத்துராசின் தாய் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அது திரும்புவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். யாரும் கையைக் காட்டி ரோலரை நிறுத்தவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு நாங்கள் செய்த நல்ல காரியம்.

கிணற்றடியில் அக்கா பெரியப்பாவின் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு மேலே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"வெறும் கையிலயா ஏத்துவாக? ஒரு எலையாச்சும் வச்சிருக்கக் கூடாதா?"

"எல வச்சா எடுபடாதுத்தா."

"வெரல மடக்குங்க. வலிக்குதா?"

"இல்ல."

"என்னது?"

பெரியப்பா விரலை மடக்கிப் பார்த்தார். "இருக்கு" என்றார். "வலி இருக்குத்தா."

அவர் தலை குனிந்து குனிந்து முழங்காலைத் தொட்டுவிட்டது. அவருடைய நிழல் கையின் மேல் விழுந்து காயம் தெரியவில்லை.

"நிமிருங்கப்பா, வெளிச்சம் மறைக்குது" என்றாள் அக்கா.

அவர் நிமிரவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.